கங்கைக்கரையும் கலைப்பாடலும்

மேனாட்டு சங்கீதம் என்றதும் நம்மவர்களில் பெரும்பாலோர் நினைவுக்கு வருபவை இரண்டுதான். ஒன்று, எண்பது நூறு பேர் வரிசையாக உட்கார்ந்து வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா. மற்றொன்று ஆபரா. அந்த இரண்டாவதைக் கேட்டுவிட்டு, "என்னங்க இது, இப்படிக் கத்துறாங்க!" என்று ரேடியோவை மூடியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. ஆனால் இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று அங்கே இருக்கிறது. ஒரே ஒரு குரல், ஒரே ஒரு பியானோ, ஒரு நல்ல கவிதை. நேரம் மூன்று நான்கு நிமிடம். இதற்குக் கலைப்பாடல் என்று பெயர். ஆங்கிலத்தில் ஆர்ட் சாங் என்றும் ஜெர்மானிய மொழியில் லீட் என்றும் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரொமாண்டிக் காலத்தில் செழித்து வளர்ந்த கலை இது.

கொல்கத்தாவில் வாழும் தமிழர்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்தக் கலைப்பாடலுக்கும் நம் கொல்கத்தாவுக்கும் இருநூறு ஆண்டுக்கும் மேலான கொடுக்கல் வாங்கல் உண்டு. அந்தக் கணக்கைப் பார்த்தால், நம் வீட்டுப் பாட்டுக்களைப் பற்றியும் ஒன்று தெரிய வரும். அதைச் சொல்வதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

கலைப்பாடல் எப்படி அமைகிறது?

நம் கச்சேரியில் பாடகர் முன்னே போவார். வயலின் பின்னே வரும். மிருதங்கம் தாளத்தைக் காக்கும். அதனால்தான் பக்கவாத்தியம் என்கிறோம். கலைப்பாடலில் பியானோ அப்படிப்பட்ட பக்கவாத்தியம் இல்லை. கவிதையின் பாதியைக் குரல் சொல்லும். மீதிப் பாதியைப் பியானோ சொல்லும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வியன்னாவில் பிறந்த ஷூபர்ட் 1814-ல், தமது பதினேழாவது வயதில், கதே எழுதிய ஃபாஸ்ட் நாடகத்திலிருந்து ஒரு பாட்டுக்கு இசை அமைத்தார். கிரேட்ஹென் என்ற பெண் ராட்டை சுற்றிக்கொண்டே தன் காதலனை நினைத்துப் பாடுகிறாள். பியானோவில் வலது கை ஓயாமல் சுழல்கிறது. அது ராட்டையின் சக்கரம். பாட்டு நடுவே அவன் தந்த முத்தத்தின் நினைவு வருகிறது. சட்டென்று பியானோ நின்றுவிடுகிறது. அவள் கை ராட்டையை விட்டுவிட்டது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கேட்கிற நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு சக்கரம் தயங்கித் தயங்கி, இரண்டொரு முறை முயன்று, மறுபடி சுற்ற ஆரம்பிக்கிறது. இப்படி அறுநூறுக்கும் மேற்பட்ட பாட்டுக்களை எழுதிவிட்டு ஷூபர்ட் 1828-ல் முப்பத்தொரு வயதில் இறந்துபோனார்.

இன்னோர் உதாரணம் ஷூமான். அவர் 1840-ல் இசையமைத்த எட்டுப் பாட்டுக்கள் கொண்ட தொகுப்பு ஒன்று ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொல்கிறது. கடைசிப் பாட்டில் கணவன் இறந்துவிடுகிறான். அவள் பேச்சற்றுப் போகிறாள். பாடகியும் வாயை மூடிக்கொள்கிறார். அதன் பிறகு பியானோ மட்டும், அவள் அவனை முதன்முதலில் பார்த்த நாளின் இசையைத் திரும்ப வாசிக்கிறது. மேடையில் பாடகி சும்மாதான் நிற்கிறார். கேட்பவர் கண்ணில் நீர் வருவது அந்த இடத்தில்தான்.

ஆக இங்கே நிரவல் இல்லை, கல்பனாஸ்வரம் இல்லை. இசையமைத்தவர் எழுதி வைத்ததை எழுதியபடியே பாட வேண்டும். பாடுபவரின் திறமை முழுவதும் சொல்லை எப்படி உச்சரிக்கிறார், எந்த எழுத்தில் மூச்சை இழுக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. பெண்குரல்களில் மிக உயர்ந்த ஸ்தாயியில் பாடுவதை சொப்ரானோ என்பார்கள். ஆபராவில் அந்தக் குரல் பெரிய வாத்தியக் கூட்டத்தைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். கலைப்பாடலில் அதே குரல் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் ரகசியம் சொல்வதுபோல இறங்கி வர வேண்டும். பின்னது எளிதென்று நினைத்துவிடக் கூடாது.

கொல்கத்தாவாசிகளுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு குறுக்கு வழி உண்டு: ரவீந்திர சங்கீதம். அங்கும் கவிதைதான் தலைவாசல். மெட்டு நிர்ணயமானது, ஸ்வரலிபி அச்சாகியிருக்கிறது. 2001-ஆம் ஆண்டு முடிவில் காப்புரிமை தீரும்வரை, இசைத்தட்டில் வரும் பாட்டு எழுதியபடி இருக்கிறதா என்று விஸ்வபாரதியின் இசைக்குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டியிருந்தது. ஆகவே பக்கத்து ஃபிளாட்டில் மாலைவேளையில் ஹார்மோனியம் வைத்துப் பாடும் வங்காளிப் பெண்ணைக் கேட்டுப் பழகிய நமக்குக் கலைப்பாடல் அவ்வளவு அந்நியமில்லை.

கொல்கத்தா கொடுத்தது

ஆசியாட்டிக் சொசைட்டியை 1784-ல் இங்கே நிறுவிய சர் வில்லியம் ஜோன்ஸ் காளிதாசனின் சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1789-ல் கல்கத்தாவிலேயே அச்சிட்டார். அவருடைய சமாதி இன்றும் பார்க் ஸ்ட்ரீட் பழைய கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அந்த ஆங்கிலப் பிரதியிலிருந்து ஜியார்க் ஃபார்ஸ்டர் 1791-ல் ஜெர்மானிய மொழிக்குக் கொண்டுபோனார். அதைப் படித்த கதே மெய்மறந்து புகழ்ந்து ஒரு கவிதையே எழுதினார். ஷூபர்ட்டும் 1820-ல் சகுந்தலை கதையை ஓர் ஆபராவாக எழுத ஆரம்பித்தார், முடிக்காமலே விட்டுவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. பான் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் கற்பித்த ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஷ்லேகலின் வகுப்புகளில் உட்கார்ந்து கேட்ட மாணவர்களில் ஒருவர் கவிஞர் ஹைனே. அவர் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. ஆனாலும் காதலியைப் பாட்டின் சிறகில் ஏற்றிக் கங்கைக்கரைக்கு அழைத்துப் போவதாக ஒரு கவிதை எழுதினார். நிலவொளியில் ஒரு தோட்டம், காத்திருக்கும் தாமரைகள், துள்ளி வரும் மான்கள், தூரத்தில் புனித நதியின் அலையோசை. இதற்கு 1830-களில் மெண்டல்சன் இசையமைத்தார். கலைப்பாடல்களிலேயே உலகமெங்கும் அதிகம் பரவியவற்றில் அது ஒன்று. அந்தக் கங்கை வேறு எங்கேயும் இல்லை. நாம் ஹௌரா பாலத்தின்மேல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கடக்கும் இதே கங்கைதான். ஹைனேயின் கங்கையில் லாரியும் படகுத்துறையும் கிடையாது என்பது ஒன்றே வித்தியாசம்!

தாகூர் கேட்ட பாடகி

இனி எதிர்த்திசைக்கு வருவோம். ஜோடாசாங்கோ தாகூர் மாளிகையில் பியானோ இருந்தது. அண்ணன் ஜோதிரிந்திரநாத் பியானோவில் புதுப்புது மெட்டுக்களை வாசிப்பார். இளைஞர் ரவீந்திரரும் நண்பர் அக்ஷய் சௌதுரியும் இருபுறமும் உட்கார்ந்து அவற்றுக்குச் சொல் கட்டுவார்கள். ரவீந்திரரே தமது 'ஜீவன் ஸ்மிருதி'யில் இதை எழுதியிருக்கிறார்.

1878-ல் பதினேழு வயதில் அவர் இங்கிலாந்து போனார். பிரைட்டன் நகரில் புகழ்பெற்ற பாடகி ஒருத்தியின் கச்சேரிக்குப் போனதையும் அதே நூலில் சொல்கிறார். அவள் நில்சனா ஆல்பனியா என்று பெயர்கூட அவருக்குப் பிற்காலத்தில் நினைவில்லை. அப்படி ஒரு குரல் வல்லமையை அவர் அதற்குமுன் கேட்டதில்லை. ஆனால் அவள் பறவை கூவுவதைப்போல் குரலில் செய்து காட்டியபோது அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம்மவர்கள் ரேடியோவை மூடுகிறார்களே, அதே நிலைமை! பிறகு கேட்கக் கேட்க அந்த இசையின் உள்ளே அவரால் நுழைய முடிந்தது. மனித வாழ்வின் பலவித உணர்ச்சிகளைச் சுரத்தில் மொழிபெயர்க்கும் இந்த இசையை ரொமாண்டிக் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது என்று எழுதினார். கேள்விஞானம் என்று நம் பெரியவர்கள் சொன்னது எந்த நாட்டு இசைக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

ஹோட்டல் அறையில் ஒரு புனல்

இப்போது ஒலிப்பதிவின் கதை. பிரெட் கெய்ஸ்பர்க் என்ற அமெரிக்கர் அடிப்படையில் ஒரு பியானோக்காரர். பாடகர்களுக்குப் பியானோ வாசித்துக்கொண்டே ஒலிப்பதிவுத் தொழிலைக் கற்றவர். 1902 ஏப்ரலில் மிலான் நகர ஹோட்டல் அறையில் கருஸோ என்ற இளம் பாடகரைப் பதிவு செய்து உலகப்புகழ் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் கிராமஃபோன் கம்பெனிக்காகக் கல்கத்தா வந்து, இங்கும் ஹோட்டல் அறையிலேயே கருவியை நிறுத்தி, கவ்ஹர் ஜானைப் பதிவு செய்தார். மெழுகில் எழுதியது கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் ஆலைக்குப் போய்த் தட்டாகித் திரும்பி வரவேண்டும். 1908-ல்தான் சியால்தாவில் இசைத்தட்டு ஆலை ஏற்பட்டது. டம்டம் ஆலையெல்லாம் அதற்கும் பின்னால்.

அந்நாளில் மைக் கிடையாது. ஒரு தகரப் புனலின் அகன்ற வாய்க்கு எதிரே நின்று பாட வேண்டும். சத்தத்தின் வேகமே முனையிலுள்ள ஊசியை ஆட்டி மெழுகில் கோடு கிழிக்கும். இதில் சொப்ரானோவுக்கு ஒரு சங்கடம்: உச்ச ஸ்வரத்தை அழுத்திப் பாடினால் ஊசி தடம் புரண்டு ஒலி உடைந்துவிடும். பியானோவுக்கு வேறு சங்கடம்: அதன் மென்மையான ஒலி புனலுக்கு எட்டவே எட்டாது. அதனால் பியானோவை மேடைபோட்டுத் தூக்கி வைத்து, பின்பலகையைக் கழற்றிவிட்டு, முழுக்க முழுக்க ஓங்கி வாசிக்கச் சொன்னார்கள். ராட்டை தயங்கி நிற்கும் நுட்பமெல்லாம் அதில் எங்கே பதியும்?

1905 டிசம்பரில் கெய்ஸ்பர்க் சகோதரர்கள் வேல்ஸ் நாட்டில் அடெலினா பாட்டியின் கோட்டைக்கே கருவியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாட்டி என்றால் நம் பாட்டி அல்ல, அது அவருடைய குடும்பப் பெயர். ஆனால் அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு! உலகமே கொண்டாடிய சொப்ரானோ. பியானோவில் லாண்டன் ரொனால்ட். உச்ச ஸ்வரம் வரும் இடத்திலெல்லாம் கெய்ஸ்பர்க் அந்த அம்மாளைப் புனலிலிருந்து மெல்லப் பின்னுக்கு இழுப்பார். "என்னை இழுக்க நீ யார்?" என்கிற மாதிரி அவருக்குக் கோபம் வந்தது. பதிவைப் போட்டுக் காட்டியதும் கோபமெல்லாம் போய்க் குழந்தைபோல் மகிழ்ந்தார் என்று கெய்ஸ்பர்க் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தக் காலத்துத் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போல ஓடும். ராக ஆலாபனையை அதற்குள் அடைக்க நம் வித்துவான்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கலைப்பாடலுக்கு அந்தத் தொல்லை அதிகமில்லை. அதன் இயல்பான அளவே மூன்று நான்கு நிமிடம்தான். 1925-ல் மின்சார ஒலிப்பதிவு வந்து மைக் புழக்கத்துக்கு வந்ததும் மீதிக் குறையும் நீங்கிற்று. மெதுவாகச் சொன்ன சொல்லும் மெதுவாகத் தொட்ட பியானோவும் முதன்முறையாகத் தட்டில் ஏறின.

இன்றைய பதிவிலும் வேலை குறைவு என்று நினைக்க வேண்டாம். குரல் பியானோவுக்குள் மூழ்காமலும், பியானோ குரலுக்குப் பின்னே ஒளியாமலும் இருக்க மைக்கை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒரு பாட்டையே பலமுறை பாடி, நல்ல பகுதிகளைச் சேர்ப்பதும் உண்டு. கொல்கத்தாவில் இதோடு வேறு சில எதிரிகள்: புழுக்கம், மின்விசிறி, காக்கை, வாசலில் ஹாரன். பியானோவின் மரப்பலகை மழைக்கால ஈரத்தில் உப்பும், சுருதி நகரும். ஏர்கண்டிஷன் போட்டால் அதன் இரைச்சலும் பதிவாகும்; அணைத்தால் வியர்வை. இத்தனைக்கும் நடுவே இந்த நகரம் மேனாட்டு இசையை விடவில்லை. 1915-ல் பிலிப் சாந்த்ரே தொடங்கிய கல்கத்தா ஸ்கூல் ஆஃப் மியூசிக் நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது.

திரும்பிப் போன கவிதை

தாகூருக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்ததும் ஐரோப்பிய, அமெரிக்க இசையமைப்பாளர்கள் அவருடைய கவிதைகளை மொழிபெயர்ப்பில் எடுத்துக்கொண்டு பாட்டாக்கத் தொடங்கினார்கள். 'கேயா' தொகுப்பில் (1906) இரண்டு வங்கக் கவிதைகள் உண்டு. ராஜகுமாரன் நம் வாசல் வழியே போகப் போகிறான், எந்த உடையை உடுத்துவேன் என்று ஒரு பெண் தாயிடம் கேட்கிறாள். அவன் தன்னை ஏறிட்டும் பார்க்கமாட்டான் என்பதும் அவளுக்குத் தெரியும். அடுத்த கவிதையில் அவன் போய்விட்டான். அவள் கழுத்து மாலையை அறுத்து அவன் பாதையில் எறிந்தாள். தேர்ச்சக்கரம் அதை நசுக்கிவிட்டுப் போயிற்று. யார் எறிந்தது, யாருக்கு எறிந்தது, எவருக்கும் தெரியாது. தாயிடம் மகள் பேசும் பேச்சு. தேர் ஏறிவரும் தலைவன். நம் அகப்பாடல் படித்தவர்களுக்கு இது சொந்த வீட்டுச் சமாசாரம்.

இதே கவிதைக்குப் போலந்தின் ஸிமனோவ்ஸ்கி 1918-ல் பியானோவோடு பாடும் பாட்டாகவும், வியன்னாவின் ஸெம்லின்ஸ்கி 1924-ல் பிராக் நகரில் அரங்கேறிய தமது பெரிய படைப்பில் ஆர்க்கெஸ்ட்ராவோடு சொப்ரானோ பாடும் பகுதியாகவும் இசை தந்தார்கள். கங்கையைக் கனவு கண்ட நாடுகளுக்குக் கங்கைக்கரைக் கவிதையே போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஒரு நஷ்டமும் உண்டு. 'ஆலோ ஆமார் ஆலோ' என்ற பாட்டை இங்கே பள்ளிக் குழந்தைகள்கூடப் பாடும். அது தாகூரே மெட்டமைத்த பாட்டு. அவர் ஆங்கில கீதாஞ்சலியில் அதை வசனமாகப் பெயர்த்தார். அமெரிக்கரான கார்பென்டர் அந்த வசனத்தைப் பார்த்து 1913-ல் தம் போக்கில் ஒரு பியானோப் பாட்டு எழுதினார். பொருள் கடல் கடந்து போய்விட்டது. மெட்டு இங்கேயே தங்கிவிட்டது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்தது காகிதம் மட்டுமே. காகிதத்தில் சொல்தான் போகும், குரல் போகாது.

நமக்கு என்ன பாடம்?

பாட்டு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்ற வழக்கு நமக்குப் புதிதல்ல. 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழிசை மாநாடும், 1943-ல் சென்னையில் ஏற்பட்ட தமிழிசைச் சங்கமும் எழுப்பிய கேள்வி அதுதானே? கேட்பவனுக்குப் பொருள் புரியாத பாட்டு அவனுக்கு முழுப்பாட்டு ஆகுமா? கலைப்பாடல் உலகிலும் இதே கேள்வி வந்தது. மொழிபெயர்த்துப் பாடிப் பார்த்தார்கள். சொல்லுக்கும் சுரத்துக்கும் இருந்த பிணைப்பு அறுந்தது. கடைசியில் நிலைத்த வழி வேறு. மூலமொழியிலேயே பாடுவது, ஆனால் நிகழ்ச்சி நிரலிலும் இசைத்தட்டோடு வரும் சிறு புத்தகத்திலும் பாட்டையும் அதன் பொருளையும் பக்கத்தில் பக்கமாக அச்சிடுவது. பாடுபவரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தெரிந்தபிறகே வாயைத் திறப்பார்.

நம் நிலைமையைப் பாருங்கள். ஆண்டுவிழாவில் நம் குழந்தைகள் பாரதி பாட்டை வங்க எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். குரல் இனிமை, தாளம் சுத்தம். இறங்கி வந்ததும், "என்ன பாடினே கண்ணு, அர்த்தம் சொல்லு" என்றால் சிரிக்கிறார்கள். குழந்தைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. வங்காளிப் பாட்டின் அர்த்தம் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் தானாக வந்து சேர்கிறது. தமிழ்ப் பாட்டின் அர்த்தத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

மெட்டின் கதை இன்னும் வருத்தமானது. பாரதியார் தம் பாட்டுக்கள் பலவற்றுக்கு ராகமும் தாளமும் குறித்து வைத்தார். தாமே பாடிக் காட்டினார். சியால்தாவில் ஆலை வந்து பதின்மூன்று ஆண்டுகள் உயிரோடிருந்தார். இருந்தும் அவர் குரல் ஒரு தட்டிலும் ஏறவில்லை. இன்று நாம் பாடும் பல பாட்டுக்கள் பிறர் போட்ட மெட்டுக்கள். நல்ல மெட்டுக்கள்தாம், ஆனால் அவருடையவை அல்ல.

இந்த இழப்பு நம் வீடுகளில் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கல்யாணமாகி இங்கே வந்த மூதாட்டிகள் ஊஞ்சல் பாட்டும் நலங்குப் பாட்டும் தாலாட்டும் கொண்டு வந்தார்கள். அவர்களோடு அவையும் போய்க்கொண்டிருக்கின்றன. இப்போது ஹானோவருக்குக் கப்பல் ஏற்ற வேண்டியதில்லை. கையில் இருக்கும் தொலைபேசி போதும். மின்விசிறியை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, மூன்று நிமிடம் பாடச் சொல்லிப் பதிவு செய்யலாம். அதோடு ஒரு தாளில் பாட்டின் சொற்கள், அவற்றின் பொருள், எந்த ஊர், யாரிடம் கற்றது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். பதிவு குரலைக் காக்கும். தாள் பொருளைக் காக்கும். ஒன்று மட்டும் இருந்தால் பாதிப் பாட்டுத்தான் மிஞ்சும்.

கலைப்பாடலைக் கேட்க விரும்பும் அன்பர்கள் முதலில் ஷூபர்ட்டின் ராட்டைப் பாட்டிலிருந்து தொடங்கலாம். கேட்பதற்கு முன்னால் கவிதையின் பொருளை ஒருதரம் படித்துக்கொள்ளுங்கள். பிறகு குரலை விட்டுவிட்டுப் பியானோவை மட்டும் கவனியுங்கள். சக்கரம் எங்கே நிற்கிறது என்று காதே சொல்லும். அதற்கடுத்த முறை கேட்கும்போது அந்த அம்மாள் கத்துவதாகத் தோன்றாது.